ராஜநாயக்கன் வாசித்த புத்தகம்

1720களின் இறுதியில் வீரமாமுனிவர் ஒரு புத்தகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். கையால் அல்ல, எழுத்தால். தரங்கம்பாடியில் லூத்தரன் மிஷனரிகள் அச்சடித்து ஊர் ஊராகக் கொடுத்துக்கொண்டிருந்த தமிழ்ப் புதிய ஏற்பாடுதான் அந்தப் புத்தகம். வீரமாமுனிவர் இயேசு சபைக்காரர். லூத்தரன்கள் மேல் அவருக்கு இறையியல் சண்டை இருந்தது, அது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் ‘வேதவிளக்கம்’ எழுதும்போது அவரைக் கூடுதலாகச் சீண்டியது அந்தப் புத்தகத்தின் தமிழ். தேம்பாவணியைப் பாடிய கைக்கு அந்த வாக்கியங்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. வேதத்தை இப்படிக் கொச்சைப்படுத்தலாமா என்பதுதான் அவர் கேலியின் சாரம்.

கிட்டத்தட்ட அதே வருடங்களில், தஞ்சாவூர் ராஜாவின் படையில் வேலை பார்த்த ஒருவர் கைக்கு அதே மொழிபெயர்ப்பு வந்து சேர்ந்தது. அவர் பெயர் ராஜநாயக்கன். 1700ஆம் ஆண்டு பிறந்தவர். பறையர் சமூகம், கத்தோலிக்கக் குடும்பம். இரவலாகக் கிடைத்த அந்தப் புத்தகத்தில் இருந்தவை நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும். அதை அவர் விடாமல் வாசித்தார், கையால் பிரதியெடுக்கவும் தொடங்கினார். 1727இல் தரங்கம்பாடி மிஷனோடு சேர்ந்தார். அடுத்த ஆண்டிலிருந்து 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே வாழ்ந்தார்.

ஒரே புத்தகம். தமிழின் பெரும் உரைகாரர்களில் ஒருவருக்கு அது குப்பை. ஒரு படைவீரருக்கு அது வாழ்க்கை. இரண்டு பேரில் யார் சரி என்று கேட்டால், ரெண்டு பேருமே சரி என்றுதான் சொல்வேன். அது எப்படி என்று யோசித்ததில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

1

முதலில் அந்தப் புத்தகம் எப்படி உருவானது என்று பார்த்துவிடலாம்.

பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிச் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கியது 1706 ஜூலை 9. அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக். வந்தவர்களோ ஜெர்மானியர்கள். 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் அமைத்த வணிக ஊர் அது. மிளகும் துணியும் வாங்க வந்த கம்பெனிக்கு மதம் பரப்ப வந்த இரண்டு இளைஞர்கள் பெரிய தலைவலி. சீகன்பால்குக்கு அப்போது வயது சுமார் 24.

இந்த இளைஞர்கள் வந்த பின்னணியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரை மையமாகக் கொண்டு ‘பயட்டிஸம்’ என்ற பக்தி இயக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. 1675இல் ஸ்பேனர் எழுதிய ஒரு சிறு நூல் அதற்கு விதை. சபையில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டுவிட்டுப் போவது மட்டும் விசுவாசம் இல்லை; சாதாரண ஆட்கள் வீட்டில் கூடி வேதத்தை வாசிக்க வேண்டும், வாசித்ததை அன்றாட வாழ்க்கையில் நடத்திக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஹாலேயில் பிராங்கே என்ற பேராசிரியர் அநாதை இல்லமும் பள்ளிகளும் அச்சகமும் நடத்தினார். இவர்களுக்கெல்லாம் முன்னால் லூத்தர். 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் கொண்டுவந்தவர். மொழிபெயர்க்கிறவன் லத்தீனிடம் போய்க் கேட்கக் கூடாது, வீட்டில் இருக்கும் தாயின் வாயையும் சந்தையில் நிற்கும் ஆளின் வாயையும் பார்க்க வேண்டும் என்பது லூத்தரின் கொள்கை.

ஆக, சீகன்பால்க் தமிழ் கற்க ஆரம்பித்தபோது அவர் மனதில் இருந்தது ஒரு புலவர் அல்ல. வாசிக்கப்போகும் ஒரு சாதாரண ஆள்.

அவர் கற்ற விதமும் அப்படித்தான். ஒரு வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்து, அவர் பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரவழைத்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதப் பழகினார். வாத்தியாருக்குத் தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது. அதனால் கம்பெனியில் துபாஷியாக இருந்த அழகப்பன் என்பவரை அமர்த்திக்கொண்டார். அவருக்குப் போர்த்துகீசியம் உட்பட ஐரோப்பிய மொழிகள் சில தெரியும். இரண்டே வருடத்தில், 1708இல், தான் சேகரித்த தமிழ் நூல்களுக்கு ஒரு விவரப் பட்டியல் எழுதினார் சீகன்பால்க். 119 நூல்கள். திருக்குறள் அதில் இருக்கிறது. சிவவாக்கியம் அவருக்குப் பிடித்தமான நூல். ஆக, இந்த ஆளுக்கு உயர்ந்த தமிழ் என்ன என்று தெரியாமல் இல்லை. பட்டியல் போட்டு வைத்திருந்தார். மொழிபெயர்க்கும்போது அந்தத் தமிழை எடுக்கவில்லை.

1708 அக்டோபர் 17 அன்று கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். அடுத்த மாதமே தரங்கம்பாடியின் கமாண்டர் ஹாசியஸ் அவரைப் பிடித்து டான்ஸ்போர்க் கோட்டையில் நாலு மாதம் அடைத்துவைத்தார். வெளியே வந்து மறுபடி உட்கார்ந்தார். 1711 மார்ச் 31 அன்று புதிய ஏற்பாடு முடிந்தது.

அச்சடிப்பது அடுத்த கதை. அச்சுப்பொறி லண்டனிலிருந்து வந்தது. ஆங்கிலேயரின் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அனுப்பியது. தமிழ் எழுத்துகள் 1713இல் ஹாலேயிலிருந்து வந்தன. அவை ரொம்பப் பெரிசு. அந்த அளவில் முழுப் புதிய ஏற்பாட்டையும் அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. அதனால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். காகிதத் தட்டுப்பாட்டுக்குப் பொறையாரில் ஒரு காகித ஆலையே போட்டுப்பார்த்தார்கள். 1714இல் நான்கு சுவிசேஷங்களும் நடபடிகளும், 1715இல் முழுப் புதிய ஏற்பாடும் வெளிவந்தன. இந்திய மொழி எதிலும் அச்சில் வந்த முதல் புதிய ஏற்பாடு இதுதான்.

தமிழ் அச்சு அதற்கு முன்னாலேயே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்க நூலை அச்சிட்டார். ஆனால் அது கேள்வியும் பதிலுமாக உபதேசம் சொல்லும் நூல். சபை என்ன நம்ப வேண்டும் என்று சொல்கிறதோ அது அதில் இருக்கும். சீகன்பால்கின் புத்தகத்தில் இருந்தது கதை. கதையைக் கொடுத்துவிட்டால் அதிலிருந்து வாசகன் எதை எடுத்துக்கொள்வான் என்பது கொடுத்தவன் கையில் இல்லை. சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். பயன்படுத்தும் முறையை மட்டும் எழுதிக் கொடுப்பது ஒன்று. சோர்ஸ் கோடையே கொடுத்துவிடுவது வேறொன்று.

2

வீரமாமுனிவர் சொன்னதில் நியாயம் உண்டு. சீகன்பால்கின் வாக்கியங்கள் தடுக்கித் தடுக்கி நடப்பவை. கிரேக்கத்தின் வரிசையைப் பிடித்துக்கொண்டு தமிழின் வரிசையை விட்டுவிடுகிறவை. கடலோரப் பேச்சுவழக்கும் சமஸ்கிருதச் சொற்களும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். இலக்கணம் தெரிந்தவருக்குப் பல்லைக் கூசும்.

ஆனால் ராஜநாயக்கனுக்கு வேறொன்று நடந்தது. அவர் பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவர். பூசை தெரியும், ஜெபம் தெரியும், புனிதர்களின் கதைகள் தெரியும். இயேசு என்ன பேசினார், யாரோடு சாப்பிட்டார், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு நடந்தார் என்பதை முதலிலிருந்து கடைசிவரை தொடர்ச்சியாக, தன் கண்ணால், தன் மொழியில் வாசிப்பது அவருக்குப் புதுசு. நடுவில் யாரும் இல்லை. தஞ்சாவூர் ராஜ்யத்தில் ஒரு பறையர் வீட்டில், ஒரு வேதத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. வேதம் என்ற சொல்லுக்கு அந்த மண்ணில் அதுவரை இருந்த பொருளை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும்.

பிரதியெடுத்தார் என்பதையும் சும்மா தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை. இரவல் புத்தகம், திருப்பிக் கொடுக்க வேண்டும், அதனால் எழுதி வைத்துக்கொள்வோம் என்பது நடைமுறைக் காரணம். ஆனால் ஒரு பிரதியை எழுத்தெழுத்தாகக் கையால் எழுதியவன், வாசித்தவனைவிட வேறொரு ஆள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை வழிநடத்திய சீனியர் ஒருவர், அடுத்தவர் எழுதிய கோடைக் காப்பி பேஸ்ட் செய்யாதே, பார்த்துப் பார்த்து டைப் பண்ணு என்பார். விரல் வழியாகப் போவது வேறெங்கோ போய்த் தங்குகிறது. சீஷத்துவம் என்று சபையில் பெரிய வார்த்தையாகச் சொல்கிறோமே, அதன் ஆரம்ப நிலை இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தின் முன்னால் நேரம் செலவழிப்பது.

அதன்பின் அவர் செய்தது உபதேசியார் வேலை. தென் மாவட்டத்துக் கிறிஸ்தவ ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். ஐயர் எப்போதாவது வருவார், உபதேசியார் எப்போதும் இருப்பார். எழுத்துச் சொல்லிக் கொடுப்பது, நோயாளி வீட்டில் ஜெபிப்பது, சண்டையை விலக்குவது, சாவு வீட்டில் முதல் ஆளாய் நிற்பது எல்லாம் அவர்தான். ஐரோப்பிய மிஷனரிகள் தஞ்சாவூர் எல்லைக்குள் நினைத்தபடி நடமாட முடியாத காலத்தில் அங்கிருந்த சபைகளைத் தாங்கியவர்கள் ராஜநாயக்கனைப் போன்றவர்கள். மிஷன் வரலாறுகளின் அட்டையில் சீகன்பால்க் இருப்பார். உள்ளே நடந்துகொண்டிருப்பவர்கள் உபதேசியார்கள்.

3

இனிதான் கதையின் கஷ்டமான பகுதி.

1733இல் தரங்கம்பாடி மிஷன் முதன்முறையாக ஒரு தமிழருக்குக் குருப்பட்டம் கொடுத்தது. கடலூரைச் சேர்ந்த ஆரோன். வேளாளர். 1741இல் இரண்டாவதாகத் தியோகு என்பவருக்கு. ராஜநாயக்கன் அப்போது பதின்மூன்று ஆண்டு அனுபவம் உள்ள உபதேசியார். அவர் உழைப்பிலும் குணத்திலும் மிஷனரிகளுக்குக் குறை எதுவும் இல்லை. தடை ஒன்றே ஒன்று. ஒரு பறையரின் கையிலிருந்து வேளாளக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று மிஷனரிகள் பயந்தார்கள். அவருக்குப் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை.

தரங்கம்பாடி ராஜா தெருவில் புதிய எருசலேம் ஆலயம் இன்றும் இருக்கிறது. 1718இல் கட்டி முடித்தது. சீகன்பால்க் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இறந்தபோது அதற்குள்ளேயே புதைத்தார்கள். 36 வயது. கெட்டியான சுவர், உயர்ந்த ஜன்னல், கடல் காற்று. நான் போகும்போதெல்லாம் கண் தரைக்குத்தான் போகும். இந்த மிஷனின் சபைகளில் பதினெட்டாம் நூற்றாண்டில் சூத்திரக் கிறிஸ்தவர்கள் ஒருபக்கம், பறையர் கிறிஸ்தவர்கள் மறுபக்கம், நடுவில் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். வேறு வேறு பாய், வேறு வேறு தரை.

இப்போது ராஜநாயக்கன் கையில் இருந்த புத்தகத்தைத் திரும்பப் பாருங்கள். சுவிசேஷங்களோடு சேர்த்து அச்சானது நடபடிகள். அந்த நூலின் பெரும் பஞ்சாயத்தே யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதுதான். ஆறாம் அதிகாரத்தில் விதவைகளுக்குச் சோறு பரிமாறுவதில் பாரபட்சம் என்று சண்டை வருகிறது. எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அதிகாரி ஒருவர் தேரில் உட்கார்ந்து வேதத்தைத் தனியாக வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு ஓடிப்போய், வாசிப்பது புரிகிறதா என்று கேட்கிறார். வழியில் தண்ணீரைப் பார்த்ததும், தனக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்ன தடை என்று அதிகாரி கேட்கிறார். தடை ஒன்றும் இல்லை. பத்தாம் அதிகாரத்தில் பேதுரு, தீட்டு என்று நினைத்து வந்ததையெல்லாம் மறுபரிசீலனை செய்ய வேண்டி வருகிறது. யூதன் படியேறக் கூடாத வீட்டுக்குள் போகிறார். அந்த வீட்டுக்காரன் கொர்நேலியு ஒரு படைவீரன்.

தஞ்சாவூர்ப் படையிலிருந்து வந்த ஒருவர் இந்தப் பக்கங்களைத் தன் கையால் எழுதியிருக்கிறார் என்ற நினைப்பு இல்லாமல் என்னால் நடபடிகளின் பத்தாம் அதிகாரத்தைப் படிக்க முடிவதில்லை. புத்தகத்தைக் கொடுத்தவர்கள் அதே புத்தகத்தின் முன்னால் தயங்கி நின்றார்கள். வாங்கிக்கொண்டவர் தயங்காமல் 43 வருடம் வேலை செய்தார்.

மிஷனரிகள் பக்கம் ஒரு வாதம் உண்டு. சபை சின்னது, வேளாளர்கள் விலகிப் போனால் சபையே நிற்காது, காலப்போக்கில் மாறும், இது மத விஷயம் இல்லை, வெறும் சமூக வழக்கம். இதைக் கோழைத்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்தான். ஆனால் அவர்கள் கோழைகள் இல்லை. ஆறு மாதக் கடல் பயணம் செய்து வந்து இந்த மண்ணில் இளம் வயதிலேயே செத்துப்போனவர்கள். சிறைக்குப் போகும் தைரியம் இருந்தவர்களுக்கு ஒரு கிண்ணத்தை வேறொரு கையில் கொடுக்கும் தைரியம் வரவில்லை. விசுவாசத்தின் பரீட்சை பெரும்பாலும் இப்படிச் சின்ன இடத்தில்தான் வந்து நிற்கிறது. கோட்டை வாசலில் அல்ல, பந்தியில்.

4

மொழிபெயர்ப்பு அதோடு நிற்கவில்லை. சீகன்பால்க் பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்து இறந்துபோனார். பெஞ்சமின் சூல்ட்சே மீதியை 1728இல் முடித்தார். பிறகு வந்தவர் யோகான் பிலிப் பாப்ரிசியஸ். 1740இல் வந்து, 1742 முதல் சென்னையில் வாழ்ந்தவர். வீரமாமுனிவரின் குற்றச்சாட்டுக்கு உண்மையான பதில் சொன்னவர் இவர்தான். வாதம் செய்யவில்லை, திருத்தினார். எழுதியதைப் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் உரக்க வாசித்துக் காட்டி, எங்கே தடுக்குகிறது என்று கேட்டுத் திருத்துவது அவர் முறை. எங்கள் பாஷையில் கோட் ரிவ்யூ.

1761இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சுப்பொறியைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அது வேப்பேரியில் பாப்ரிசியஸ் பொறுப்பில் வந்தது. 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது. பழைய ஏற்பாட்டை அச்சடித்து முடிப்பதற்குள் 1791இல் இறந்துவிட்டார். பணவிஷயத்தில் ஏமாந்து, கடனாளிகள் சிறையில் எல்லாம் இருந்து, கடைசிக்காலம் அவருக்கு நன்றாக அமையவில்லை. ஆனால் அவருடைய வேதத்துக்குப் பொன் மொழிபெயர்ப்பு என்று பெயர் வந்தது.

அந்தப் பொன்னின் மேல் வளர்ந்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் பிறந்தவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். இரண்டாம் சரபோஜி மன்னரும் அவரும் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரேனியஸ் என்ற மிஷனரி பாப்ரிசியஸின் மொழியைத் திருத்த ஆரம்பித்ததும் சாஸ்திரியார் கொதித்துப்போனார். எங்கள் நாவில் ஊறிய வேதத்தை நேற்று வந்தவர்கள் மாற்றுவதா என்று எதிர்த்து எழுதினார். ரேனியஸின் புதிய ஏற்பாடு 1833இல் வந்தது. திருநெல்வேலி அதை ஏற்றுக்கொண்டது, தஞ்சாவூர் முகம் சுளித்தது.

இந்தக் கோபம் எனக்கு வீட்டிலேயே பழக்கம். ஆச்சிக்குக் கண் மங்கியபோது, பெரிய எழுத்தில் புதிய மொழிபெயர்ப்பு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“ஏன் ஆச்சி, புரியலையா?”

“புரியுது எய்யா. புரியத்தான் செய்யுது. ஆனா இத வாசிச்சா ஜெபம் வர மாட்டேங்கு.”

இதற்கு மேல் ஒரு மொழிபெயர்ப்பு விமர்சனம் எழுத முடியாது. ஆச்சியின் வேதம் பவர் ஐயர் தலைமையில் 1871இல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு. அது வெளிவந்த காலத்தில், பாப்ரிசியஸில் ஊறிய ஏதோவொரு ஆச்சி இதே வார்த்தையைச் சொல்லியிருப்பாள். கடவுளுக்கான சொல்லையே பாருங்கள். சீகன்பால்குக்குச் சர்வேசுரன். பாப்ரிசியஸுக்குப் பராபரன். ஐக்கிய மொழிபெயர்ப்பில் தேவன். 1956இன் திருத்திய மொழிபெயர்ப்பில் கடவுள். ஒவ்வொரு சொல்லும் வந்தபோது அந்நியம், போனபோது புனிதம்.

ஆனால் சாஸ்திரியாரின் எதிர்ப்புக்கு இன்னொரு பக்கம் இருந்தது. புதிய மிஷனரிகள் திருத்த நினைத்தது மொழியை மட்டுமல்ல. ஆலயத்தில் எல்லோரும் கலந்து உட்கார வேண்டும், ஒரே கிண்ணத்தில் குடிக்க வேண்டும் என்றார்கள். சாஸ்திரியார் அதையும் எதிர்த்தார். வழக்கத்தைக் காப்பது என்ற ஒரே பையில் வேதத்தின் சொல்லையும் சாதியின் பாயையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார். அவருடைய பாடல்களில் இருக்கும் பக்தி பொய் இல்லை. அவர் எழுதிய சாதி ஆதரவும் பொய் இல்லை. இரண்டும் ஒரே ஆள் எழுதியவை. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேறுபாடு உடனடியாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஏராளமானவர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் பலருக்கு, சாதி விஷயத்தில் மென்மையாக இருந்த லைப்சிக் லூத்தரன் மிஷன் பிறகு இடம் கொடுத்தது. ராஜநாயக்கன் இறந்து 62 வருடம் ஆகியிருந்தது. பயந்தவர்கள் பயந்தது அப்படியே நடந்தது. ஆனால் சபை அழிந்துவிடவில்லை.

5

புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் அது யாரிடம் போய் என்ன செய்யும் என்பது கொடுத்தவர் கையில் இல்லை என்று மேலே சொன்னேன். அதற்கு ஆகப் பெரிய சாட்சி யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்.

மெதடிஸ்ட் மிஷனரியான பீட்டர் பேர்சிவல் தமிழ் வேதாகமத்தைப் புதிதாக மொழிபெயர்க்க எடுத்தபோது அவருக்குத் துணை நின்ற தமிழறிஞர் ஆறுமுக நாவலர். பேர்சிவலின் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்த சைவர். 1850இல் அந்த மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதற்குள் நாவலர் விலகி, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கிவிட்டார். வேதாகமத்தை வரி வரியாகத் தமிழில் உட்கார வைத்த அந்த வருடங்கள் வீண்போகவில்லை. பிரசங்கம், உரைநடை, அச்சகம், பள்ளிக்கூடம் என்று மிஷனரிகளின் கருவிகள் அத்தனையும் சைவத்துக்காக எடுத்தார். 1852இல் பெரியபுராணத்தை உரைநடையில் கொண்டுவந்தார். 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதி, எங்கள் கோயில் வழிபாட்டைக் கேலி செய்கிறீர்களே, உங்கள் பழைய ஏற்பாட்டில் பலிபீடமும் தூபமும் விளக்கும் இல்லையா என்று வேதாகமத்தை வைத்தே திருப்பிக் கேட்டார்.

கிறிஸ்தவர்களில் பலர் அந்த நூலின் பக்கம் போவதில்லை. எனக்கு நாவலர் மேல் மரியாதைதான். அவர் வேதாகமத்தை ஒழுங்காகப் படித்தார். எதிர்த்தாலும் படித்துவிட்டு எதிர்த்தார். நாங்கள் சபையில் தாண்டிப் போகும் லேவியராகமத்தை அவர் தாண்டவில்லை.

ஆக, இந்தக் கதையில் மூன்று வாசகர்கள். ராஜநாயக்கன் வாசித்து உள்ளே வந்தார். நாவலர் வாசித்து வெளியே போனார். சாஸ்திரியார் உள்ளேயே இருந்து, சில பக்கங்களை மட்டும் மெதுவாகப் புரட்டாமல் விட்டார். மூன்றாவது ஆளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஏனென்றால் எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்கள் அந்த ரகம்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை ஆறு மணிக்கு வசனம் வரும். பூ, சூரியன், வசனம். பத்து மணிக்கு அதே கையிலிருந்து ஒரு வரன் விவரம் வரும். மறுபிறப்பு அடைந்த, ஜெபிக்கிற, மது அருந்தாத மணமகன் தேவை. அதற்கடுத்த வரியில் சாதி. கேட்டால், அது மத விஷயம் இல்லைப்பா, சமூக வழக்கம் என்பார்கள். தரங்கம்பாடி வாதம் மூன்று நூற்றாண்டு தாண்டி அதே சொற்களில் வருகிறது. பாப்ரிசியஸின் சொற்கள்கூட இவ்வளவு காலம் மாறாமல் நிற்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிச் சுவர் நிற்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் கட்டிய சுவர் அது. உயிர்த்தெழும் நாளில் எந்தப் பக்கம் எழுந்து நிற்பதாக உத்தேசம் என்று கேட்கத் தோன்றும்.

வேதத்தை மொழிபெயர்ப்பது முடிந்துபோன வேலை இல்லை என்பது இந்த முந்நூறு வருடக் கதையில் தெளிவாகத் தெரிகிறது. சொற்களைத் திருத்தும் வேலை குழுக்களுடையது. அதைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். இன்னொரு மொழிபெயர்ப்பு இருக்கிறது. வாசித்ததை ஒரு தெருவுக்குள், ஒரு பந்திக்குள், ஒரு கல்யாணப் பேச்சுக்குள் கொண்டுவருவது. அதற்குக் குழு கிடையாது. அவரவர் வீட்டில் அவரவர் செய்ய வேண்டும். அதில் நல்ல தமிழ், கெட்ட தமிழ் என்ற பிரச்சினை இல்லை. தடுக்கித் தடுக்கிச் செய்தாலும் போதும்.

தரங்கம்பாடிக் கோயிலில் சீகன்பால்கின் கல்லறையைக் காட்டுவார்கள். கடற்கரைப் பக்கம் அவர் வந்திறங்கியதற்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. ராஜநாயக்கனைத் தேட வேண்டும் என்றால் ஹாலேக்கு மிஷனரிகள் அனுப்பிய அறிக்கைகளுக்குள் போக வேண்டும். ஜெர்மன் எழுத்துகளுக்கு நடுவே அந்தப் பெயர் வந்துகொண்டே இருக்கும். இந்த ஊருக்குப் போனார், அந்த வீட்டில் வாசித்துக் காட்டினார், ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தார் என்று. பட்டம் இல்லாத ஆள். மறுநாளும் அவர் கிளம்பிப் போயிருப்பார், புத்தகத்தை எடுத்துக்கொண்டு.